வியாழக்கிழமைகளில் இஸ்க்ரா

வீட்டுக் காகிதங்களைச் சமையலறையில் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் கேட்பதில்லை. கல்யாணப் படம், பட்டாளத்துச் சான்று, நிலப் பத்திரம் எல்லாம் அடுப்புக்கு மேலேதான் இருக்கும். குடைமிளகாய் சுட்ட புகையும் சூப்பின் ஆவியும் ஏறி ஏறி, கடைசியில் தொட்டால் உதிர்ந்துவிடும்.

ராங்கெல் மித்தேவின் வீட்டிலும் அப்படித்தான். முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள், அதனால் அங்கே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் வாசகசாலையின் மாடியில் இருக்கும் ஆவண அறை என் பொறுப்பு. பிளோவ்திவ் நகரத்தில் அரசு ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், கணவரும் போய்விட்ட நிலையில், பிறந்த ஊருக்கே திரும்பி வந்தேன். குடும்பங்கள் தங்கள் பழைய தாள்களைக் கொண்டுவந்து தருகின்றன. நான் தூசி தட்டி, உறையிட்டு, எண் போடுகிறேன். பிறகு அந்த வீட்டின் மூத்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டுவேன். இது யார், எங்கே எடுத்தது, அன்று என்ன நடந்தது என்று கேட்பேன். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். எதையும் வெட்டக் கூடாது, எதையும் எறியக் கூடாது. என் வேலையின் ஒழுங்கு அவ்வளவுதான்.

ராங்கெலின் மகன் கமென் சோபியாவிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

“அப்பாவுக்கு நினைவு தப்பிக்கிட்டே போகுது அக்கா. மொத்தமா போறதுக்குள்ள பதிவு பண்ணி வச்சிடுங்க. எம் பிள்ளைங்க நாளைக்கு அவங்க தாத்தா குரலையாவது கேக்கணும்.”

நான் யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. என் பெயருக்குப் பின்னால் இருப்பது கணவர் வீட்டுப் பெயர். ஊரை விட்டுப் போகும்போது நான் சிறுமி.

வியாழக்கிழமைகளில் போவது என்று பேசிக்கொண்டோம். முதல் நாள் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். கிழவர் முற்றத்தில் உட்கார்ந்து சுட்ட மிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா இஸ்க்ரா. பஸ் இவ்வளவு நேரம் பண்ணிடுச்சா?”

அவருக்குச் சமைத்துப்போடும் பக்கத்து வீட்டு பெனா உள்ளேயிருந்து சிரித்தாள். “கண்டுக்காதீங்க அக்கா. வாசல் தாண்டி வர்ற பொம்பளை எல்லாம் அவருக்கு இஸ்க்ராதான். போன வாரம் கேஸ் கொண்டுவந்த ஆளையே இஸ்க்ரான்னுட்டார். மீசையைப் பாத்தப்புறம்தான் விட்டார்.”

இஸ்க்ரா அவருடைய மகள். சில வருடங்களுக்கு முன் வார்னா சாலையில் லாரி மோதி இறந்துபோனவள். அப்போது அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. சவப்பெட்டியைத் தானே சுமப்பேன் என்று அடம்பிடித்தாராம். பிறகு மறதி வந்து, மற்றவற்றோடு மகளின் சாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மருத்துவர் சொல்லியிருந்தார், திருத்தாதீர்கள் என்று. அதனால் அவர் கேட்கும்போதெல்லாம் பெனா ஒரே பதிலைச் சொல்வாள். “வார்னாவுல வேலையா இருக்கா. வெள்ளிக்கிழமை வந்துடுவா.” அவர் தலையாட்டிவிட்டு, மகளுக்கென்று ஒரு புட்டி மிளகாயைத் தனியாக எடுத்து வைப்பார். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. நிம்மதியான மனிதர்.

காகிதங்களைப் பிரித்தபோது இஸ்க்ராவின் இரங்கல் தாள் அவற்றின் நடுவே இருந்தது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரியும். ஒருவர் இறந்தால் படமும் பெயரும் கருப்புக் கட்டமும் போட்ட தாள் வாசற்கதவில் ஏறும், விளக்குக் கம்பத்தில் ஏறும், பேருந்து நிறுத்தத்தில் ஏறும். நாற்பதாம் நாள் மறுபடி, அரை வருடத்தில் மறுபடி. அதைப் பார்த்துத்தான் ஊர் வரும். அவித்த கோதுமையில் ஒரு கரண்டி வாங்கி வாயில் போட்டு, இறந்தவருக்காக ‘கடவுள் மன்னிக்கட்டும்’ என்று சொல்லிப் போகும். தாள் ஒட்டாத வீட்டில் சாவு நடக்கவில்லை.

வரிசையில் அடுத்தது அந்தத் தாள். வரிசைப்படி அதைக் காட்டினேன்.

“இது யாரு ராங்கெல் அண்ணே?”

“எம் பொண்ணு. அழகா இருக்கா பாரு.” விரலால் ஓரத்தைத் தடவினார். “ஏன் கருப்பு கட்டம் போட்டிருக்கு?”

வார்னாவில் இருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அச்சுப் பிழை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்.

“படிச்சுப் பாருங்க அண்ணே,” என்றேன். “சத்தமா.”

படித்தார். எழுதப் படிக்கத் தெரிவது கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. மகள் பெயர், வயது, ‘ஆறாத் துயரத்துடன் தந்தை’ என்ற வரி. அந்த வரிக்கு வந்ததும் ஒரு சத்தம் வந்தது. கருவியில் ஒலி அளவைக் காட்டும் முள் முழுதும் சாய்ந்து நின்றது. அது பதிவில் இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், தண்ணீர் கொடுத்தேன். ஒரு கல்நெஞ்சக்காரி அதைச் செய்திருக்க மாட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை வாசலைத் திறந்தேன். அதே முற்றம், அதே மலர்ந்த முகம். “வந்துட்டியா இஸ்க்ரா.” அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எதுவும் செலவாகவில்லை என்று. போன வாரம் அவர் அழுத அழுகை முழுதும் அப்படியே புதிதாக அவரிடம் இருந்தது.

காரணம் கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பா ஸ்பாஸைக் கல்லுடைக்கும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அரசின் கூட்டுப் பண்ணைக்கு ஆடுகளைக் கொடுக்க மறுத்தார். அவ்வளவுதான் குற்றம். அங்கேயே இறந்தார். உடலும் வரவில்லை, தாளும் வரவில்லை. கூட இருந்து திரும்பிய ஒருவர் வேலிக்கு வெளியே நின்று சொல்லிப்போனதுதான் சேதி. அச்சகத்தில் தாள் அடித்துத் தர மறுத்தார்கள். அம்மா என் பள்ளிக்கூடப் பென்சிலால் எழுதி, அடுப்புக் கரியால் கட்டம் போட்டு, வாசலில் ஒட்டினாள். கோதுமை அவித்து, மேலே சர்க்கரை தூவி, கதவைத் திறந்து வைத்தாள்.

முதலில் வந்தவர் ராங்கெல்தான். அப்போது ஊரின் காவல் அதிகாரி, இளவயது, பளபளக்கும் காலணி.

“என்ன இது?”

“எம் புருஷன் செத்துட்டார்.”

“யார் சொன்னது? அப்படி ஒருத்தன் இந்த ஊர்ல சாகல. வேலைக்குப் போயிருக்கான்.”

கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா மறுநாளும் ஒட்டினாள். மறுநாளும் வந்தார். “உனக்கு மண்டையில ஏறாதா? வேலைக்குப் போயிருக்கான்.” ஊர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. கோதுமை புளித்துப்போய் அம்மா அதைக் கோழிக்குப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் துக்கமும் கொண்டாடவில்லை, கருப்பும் உடுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு ஒரு தட்டு வைக்கத் தொடங்கினாள். சாகும்வரை வைத்தாள். அவள் காத்திருக்கவில்லை. சாகாத ஒருவருக்குத் தட்டு வைக்காமல் எப்படி இருப்பது?

ஆக, ராங்கெல் எங்கள் வீட்டிலிருந்து எடுத்தது ஒரு சாவை. அவரிடம் ஒரு சாவைத் திருப்பித் தருவதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுவும் பொய்யான சாவு அல்ல. அந்த வீட்டில் எல்லோரும் அவரிடம் பொய் சொன்னார்கள். நான் மட்டும்தான் உண்மையைக் காட்டினேன்.

இலையுதிர் காலம் முழுதும் போனேன். வாசலில் இஸ்க்ரா என்று என்னைத் தழுவிக்கொள்வார். பழைய கதை கொஞ்சம் பேச விடுவேன். சிரிப்பார். பிறகு உறையைத் திறப்பேன். தாளைச் சீக்கிரம் காட்டினால் அவருக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. மகளின் சின்ன வயதுப் படங்களை முதலில் காட்டி, அவள் எப்படி நீந்தக் கற்றாள், எந்தப் பாட்டைப் பாடுவாள் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் காட்டினால் முழுதாகப் பிடிபடும். அதைப் போகப்போகக் கற்றுக்கொண்டேன்.

பெனா குறைபட்டுக்கொண்டாள். “என்ன மாயம் வச்சிருக்கீங்களோ அக்கா, நீங்க வந்துட்டுப் போனா மனுஷன் சூப்பைத் தொடறதில்ல. செவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். ஏன்னு கேட்டா அவருக்கே தெரியல.”

“பழசைக் கிளறினா அப்படித்தான் பெனா.”

“அப்ப கிளறாம இருங்களேன். அந்தக் குப்பையெல்லாம் எலி படிக்கப் போகுதா?”

இது எனக்கும் புதிய பாடம். சேதி அவருக்கு மறந்தது. துக்கம் மறக்கவில்லை. ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுதுகொண்டிருந்தார். மிளகாய் உரிப்பதை நிறுத்தினார். உடம்பு இளைத்தது. முதல் பனி விழுந்த வாரத்தில் இறந்தார். இதயம் என்று மருத்துவர் எழுதினார்.

அடக்கம் முடிந்ததும் கமென் ஆவண அறைக்கு வந்தார். அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். தந்த குடும்பத்துக்குக் கேட்கும் உரிமை உண்டு. நான்தான் பதிவுகளை எடுத்துக் கொடுத்தேன், காபியும் போட்டு வைத்தேன். காபி ஆறியது. காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏன் அக்கா திரும்பத் திரும்ப?”

வழக்கப்படி திரும்பத் திரும்பத்தான் ஒட்டுவார்கள் என்றேன். பிறகு அவர் புகாரோடு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தார்.

எல்லாம் பதிவில் இருப்பதால் உங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் ஒரு வியாழக்கிழமையின் பதிவு பாதியில்தான் தொடங்கும். கருவிக் கோளாறு என்று குறித்திருக்கிறேன். கோளாறு இல்லை.

அன்று அவர் என்னை இஸ்க்ரா என்று அழைக்கவில்லை. நெடுநேரம் முகத்தையே பார்த்தார்.

“ஒரு வாசல்ல ஒரு தாளைக் கிழிச்சேன்,” என்றார். “அந்தப் பொம்பளை கோதுமை அவிச்சு வச்சிருந்தா. வாசனை வந்துச்சு. ஒரு கரண்டி குடும்மான்னு கேட்டிருக்கலாம். கேக்கல. மேலிடத்துக்குப் பயம். கதவுக்குப் பின்னால ஒரு சின்னப் பொண்ணு நின்னுச்சு. அது இப்ப இருக்கா? இருந்தா கூட்டிட்டு வாயேன். கால்ல விழணும்.”

நான் அவருக்கு எதிரில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“இல்ல அண்ணே. அவ செத்துட்டா.”

“தாள் ஒட்டினாங்களா?”

“ஒட்டல.”

அவர் எனக்காக அழுதார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ‘கடவுள் மன்னிக்கட்டும்’ என்று சொன்னார். எங்கள் வீட்டாருக்காக அதைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன். பிறகு உறையைத் திறந்து இஸ்க்ராவின் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து முன்பாதியை அழித்தேன். என் இத்தனை வருட வேலையில் நான் எதையாவது அழித்தது அந்த ஒரு முறைதான். ஆவணம் காப்பவள் செய்யக் கூடாத காரியம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனை உண்டோ எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி அந்தக் குடும்பத்தின் காகிதங்களை நான் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.