தட்டைத் தொட்டால் போதும்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு, ஹரிராயா என்னும் நோன்புப் பெருநாள் காலை. பத்து பெரெண்டாமிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போகும் பஸ். என் முன் இருக்கையில், ஊரிலிருந்து கப்பலில் வந்து ஒரு மாதமே ஆன புது மாப்பிள்ளையும் அவர் மச்சானும், ஒரு மலாய் வீட்டு விருந்துக்குக் கிளம்பியவர்கள்.

"சாப்பிட வேணாம் மாப்ள. தொட்டாப் போதும்," என்றார் மச்சான்.

"நமக்குன்னு கோழி ஆக்கி வெச்சிருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் சைவம். வேணாம்னா அந்த மலாய் அம்மா, மாக்சிக், மனசு நோகாதா? வந்து எறங்கின அன்னிக்கே மெத்தை குடுத்து விட்டவங்க."

"வேணாம்னு சொல்லாத. தட்டு ஓரத்த வெரலால தொட்டு உதட்டுல வெச்சுக்க. மலாய்க்காரங்க வழக்கம்."

"தொடாம வந்துட்டா?"

"வழியில பாம்பு கடிக்கும், லாரி மோதும்னு பயந்துக்கிட்டே இருப்பாங்க."

"அவங்களுக்கா?"

"உனக்குய்யா! நீ வீடு போய்ச் சேந்த சேதி வர்ற வரைக்கும் அந்தம்மா உக்கார மாட்டாங்க."



"அப்ப இருக்கிற தட்டையெல்லாம் தொட்டுடறேன் மச்சான்."

"தொடு. சோத்துக் கையால தொடு."

காஜா பெராங்கில் இருவரும் இறங்கினார்கள். டவுனில் வேலை இருந்தும் நானும் இறங்கினேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் பத்து பெரெண்டாமில் ஒரு மலாய் நண்பர் வீட்டில், வயிறு சரியில்லை என்று சொல்லி, வைத்த தட்டைத் தொடாமல் வந்திருந்தேன். எனக்கு மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. ஆனாலும் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திராமல், அந்தத் தட்டைத் தொட, பத்து பெரெண்டாமுக்கு நடந்தே திரும்பினேன், லாரி வந்தால் ஓரத்துக்கும் புல்லைக் கண்டால் நடு ரோட்டுக்குமாக.