இரண்டு தட்டு

எனக்கு யாரிடமும் குறை சொல்ல வராது. கச்சிராயபாளையம் பக்கத்து வளர்ப்பு அப்படி. கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில் பெண்ணின் பெரியப்பா நின்றுகொண்டு, "சாப்பாடு எப்டிங்க?" என்று கேட்பார். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், "ஜோரா இருந்திச்சிங்க" என்போம். ஆல்பின் விஷயத்திலும் நான் செய்தது அவ்வளவுதான்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, விமான இறக்கை பூட்டக் கற்றுத்தரும் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். ஒரு வருடம். மாதாமாதம் உதவித்தொகை. கற்றுக்கொள்வதற்கு நமக்கே பணம் தருகிறார்கள் என்றதும் அப்பா, "கிட்னிய எடுத்துடப் போறாங்கடா" என்றார்.

இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தவன் திருநாவலூர் ஆல்பின். பயிற்சியாளர் பொன்னுரங்கம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஜோடிக்கு ஒருத்தனுக்குத்தான் வேலை. ஆளுக்கு ஒரு றெக்கப் பெட்டி. வருஷக் கடைசியில அறுத்துப் பாப்பேன். எவன் ரிவிட்டு ஒழுங்கா இருக்குதோ அவன்."

ஆல்பினுக்கு அந்த வேலை தேவை. அவனை நம்பி அவன் அக்கா அனிட்டா தன் கல்யாணத்தையே ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தார். எனக்கும் தேவைதான். நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

வேலை இதுதான். தகடுகளை இறக்கை வடிவில் பெட்டியாக மூடியிருப்பார்கள். ஒருவன் வெளியே நின்று, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவிட் ஆணியை அடிப்பான். மற்றவன் உள்ளே கையை விட்டு, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலுக்கு முட்டுக்கொடுத்து இரும்புக் கட்டையைப் பிடிப்பான். வால் நசுங்கிய லட்சணம் உள்ளே பிடிப்பவனுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. தகட்டில் தட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு, சரி. மூன்று, பிடுங்கு.

நான் அடித்தால் ஆல்பின் ஈவிரக்கமில்லாமல் மூன்று தட்டுவான்.

"இன்னாடா, மறுபடியுமா?"

"வாலு கோணிக்கினு போவுது சங்கரு. புடுங்கு. உன் நல்லதுக்குத்தான்."

ஒரே ரிவிட்டை நான்கு முறை பிடுங்கியிருக்கிறேன். என் மனது நோகுமே என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. பழகப் பழக எனக்குக் கை படிந்தது, அது வேறு விஷயம்.

அவன் அடித்தால் நான் இரண்டுதான் தட்டுவேன்.

"ஒரே அடியில வுழுந்துச்சா?" என்று என் முகத்தை எட்டிப் பார்ப்பான்.

"சூப்பருடா."

சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு போன் போட்டு, "எனக்குக் கை செட்டாயிடிச்சிக்கா" என்பான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்காவது குறை சொல்ல மனசு வருமா?

வருடக் கடைசியில் பெட்டிகளை அறுத்தார்கள். என்னுடையதில் வால்கள் சோளம் விதைத்த சால் மாதிரி வரிசையாக நின்றன. ஆல்பினுடையதில் ஒவ்வொரு வாலும் கல்வராயன் மலைப் பாதை போல ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தது.

பொன்னுரங்கம் என்னிடம் திரும்பினார். "உள்ள கட்டய புடிச்சது நீதானே? ஒண்ணுமே தெரியலியா உனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆல்பின் முந்திக்கொண்டான். "அவன் இன்னா சார் பண்ணுவான்? உள்ள ஒரே இருட்டு. அடிச்சவன் நான்தானே."

இரண்டு பேர் பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவன் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஏறும்போது சொன்னான்: "அக்காவுக்கு இன்னா சொல்றதுன்னுதான் தெரியல. ஆனா வருஷம் பூரா நீ ஒரு நாளுகூட என் மனசு நோவ வெச்சதில்லடா."

பரவாயில்லை என்றேன்.

உள்ளே இருட்டு என்று அவன் சொன்னது மட்டும் சரியில்லை. என் சட்டைப் பையில் டார்ச் இருந்தது. அவன் ரிவிட் கோணுவதை முதல் வாரமே பார்த்துவிட்டேன். சொல்லியிருந்தால் ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாக அடித்திருப்பான். அப்புறம் அவன் வேலைக்குப் போக, நான் பையோடு ஊருக்குக் கிளம்பியிருப்பேன். பாவம், அதைப் பார்த்து ஆல்பின் மனது எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்.