கண்காட்சியில் ரெண்டு துணி குறையுது

— பெங்களூர்ல பஸ் ஏறினதுல இருந்து உம்முனு வரீங்க. மக காலேஜுல கண்காட்சி வெச்சிருக்கா, ஊரே வந்து பாக்குது. சந்தோஷப்பட வேணாமா?

— நீ சந்தோஷப்பட்டியா பவுலி?

— ஏசி ஹாலு, கலர் லைட்டு... நல்லாத்தான் இருந்துச்சு.

— லைட்டு எது மேல அடிச்சாங்க? என் ஓட்டை பனியன் மேல! போன மாசம் பூரா கொடியில தேடினேன். காத்துல பறந்துருச்சுன்னுதானே சொன்னா உம்மவ?

— மெதுவாப் பேசுங்க. பஸ்ஸுல உங்க கம்பெனி ஆளுங்க யாராச்சும் இருக்கப் போறாங்க.

— ஒரு வெள்ளக்காரன் குனிஞ்சு குனிஞ்சு அந்த ஓட்டைய போட்டோ எடுக்கறான். பக்கத்துல நான் இஸ்திரி போட்ட சட்டையோட நிக்கறேன். இவ, "இவர்தான் எங்கப்பா"ன்னு இங்கிலீஷ்ல சொல்றா. அவன் உடனே என் சட்டையப் பாக்கறான்... உள்ள இப்ப என்ன போட்டிருப்பேன்னு. நாண்டுக்கிட்டுச் சாவலாம் போல இருந்துச்சுடி.

— உங்களுக்காச்சும் பனியன். எனக்கு? மைதா மூட்டைத் துணியில தெச்ச உள்பாவாடை! மில்லு பேரு, அம்பது கிலோ, எல்லாம் அச்சு அழியாம... ரெண்டு பொண்ணுங்க எழுத்துக்கூட்டிப் படிச்சு, கன்னடத்துல சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்க. எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு நெனப்பு.

— நான் அந்தப் பக்கமே திரும்பல.

— நல்லவேளை.

— கீழ இங்கிலீஷ்ல என்னமோ எழுதி ஒட்டியிருந்தாளே?

— அவ பிரண்டு படிச்சுச் சொன்னா. "என் ஃபீஸுக்காக எங்கப்பாம்மா வாங்கிக்காத புதுத்துணி"ன்னாம்.

— ம்... பாசந்தான். அதை வீட்டுக்குள்ள வெச்சுக்கக் கூடாதா? மானம் கப்பலேறிப் போச்சு.

— போன் அடிக்குது பாருங்க. உங்க மக பெனிஷாதான்.

— நீயே பேசு.

— அலோ... ரோமிங்குல இருக்கும்மா, சட்டுனு சொல்லு... என்னது? ஏன் அழுவுற?... எப்ப?... ஐயோ, அந்த மனுசனையா?... நாளைக்குக் காலையிலயா?... சரி சரி, அழுவாத. அப்பாகிட்டச் சொல்றேன்.

— என்னவாம்?

— ரெண்டு துணி காணோமாம்.

— ரெண்டா?

— நாளைக்குக் காலையில மார்க்கு போட வெளியூர் ஆளுங்க வராங்களாம். துணி இல்லேன்னா பெயிலாம். வாட்ச்மேன் திம்மராயனை உக்கார வெச்சு விசாரிக்கறாங்களாம். பாவம், தேன்கனிக்கோட்டை ஆளு, தமிழ் பேசறோம்னு நமக்குத் தண்ணியெல்லாம் கொண்டாந்து குடுத்தாரே...

— ரெண்டுன்னா சொன்னா?

— என்னங்க அதையே கேக்கறீங்க?

— பவுலி... நான் ஒண்ணுதான் எடுத்தேன்.

— எதைங்க?

— பனியன் மட்டும். மாதா மேல சத்தியம். எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப ஹேங்கர்ல இருந்து உருவி... இந்தா, இந்தப் பையிலதான் இருக்குது. என் துணிய நான் எடுத்தா திருட்டான்னு தோணுச்சு. புத்தி கெட்டுப் போச்சு. எம்பொண்ணு பெயிலாவறதுக்கு, அந்த ஓட்டை பனியனைப் போட்டுக்கிட்டே அங்க நின்னிருக்கலாம்.

— கண்ணத் தொடைங்க. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். அத்திபெலே ஸ்டாப்பு வருது, எறங்கிடலாம். எதிர் பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போவோம். அந்த வாட்ச்மேன்கிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

— ம்.

— ஆனா உன் பாவாடைக்கு என்ன பண்றது? அது இல்லேன்னாலும் பெயிலுதானே? மைதா மூட்டைய எந்தக் களவாணிப் பய தூக்கிட்டுப் போனானோ! ஏய்... என்ன, சிரிக்கறியா அழுவுறியா? எந்திரி.

— எந்திரிக்கறேங்க. அங்க போனதும் மொதல்ல என்னைய பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க... பை உங்க கையில இருந்துச்சு, நான் எங்கதான் ஒளிக்கறது? சேலைக்குள்ள கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.