பூசாரி கால் நீட்டும் பொங்கல்

நம்ம கருங்காலிப்பட்டிக்குத் தார் ரோடு வராத காலமாம். அப்போ இந்த ஊரில் ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். என் வீட்டுக்காரர் வம்சத்துக்கே மூத்தவ.

அவ புறங்கையில் வெளிறின தேமல் ஒண்ணு. அந்தக் கை சுடாதாம். காளியம்மன் பொங்கலுக்குக் கொதிக்கிற பானையை வெறுங்கையால் இறக்குவாளாம். ஊரே குலவை போடுமாம். "அம்மன் கைடீ அது!"ன்னு பொம்பளைங்க கும்பிடுவாங்களாம்.

வருஷா வருஷம் இறக்கினா. வருஷா வருஷம் விரல் கொப்பளிச்சுது, புண்ணாச்சு, கட்டையாச்சு. யாரும் விரலைப் பார்க்கலை. பானையைத்தான் பார்த்தாங்க.

ஒருநாள் சந்தையில், பெருநோய் ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானசுந்தரி அந்தக் கையைப் பிடிச்சுப் பார்த்தாளாம்.

"அக்கா, இது சாமி இல்ல, தொழுநோய். முதல்ல உணர்ச்சியைத் தின்னும், அப்புறம் விரலைத் தின்னும்."

"ஐயோ, மருந்து இருக்காம்மா?"

"இருக்கு. போன விரல் வராது. இருக்கிறதைக் காப்பாத்துங்க. கரண்டிக்கும் அரிவாளுக்கும் பிடியில தடியாத் துணி சுத்துங்க. தினம் கையையும் காலையும் உத்துப் பாருங்க. வலி சொல்லாததைக் கண்ணுதான் சொல்லணும்."

ஒச்சம்மா அந்த ஆஸ்பத்திரிக்கே போய், மருந்து தின்னு, கட்டையாப் போன விரல்களால் களை எடுக்கவும் களி கிண்டவும் பழகிட்டு வந்தாளாம். வந்த அன்னிக்கே பொங்கல். கோயில் வாசலில் அவ மக பவளம், குளிச்ச ஈரத்தோட நிக்கிறா. புறங்கையில் அதே தேமல்.

சன்னாசிப் பூசாரி சிரிச்சாராம். "உனக்குத்தான் விரல் இல்லையே, ஒச்சம்மா. அம்மன் உம் மக கையைப் பிடிச்சுட்டா. இனி அவ இறக்கட்டும்."

பானை பொங்குது. குலவை கிளம்புது. பவளம் கையை நீட்டிட்டா.

"நில்லுடீ!" ஒச்சம்மா மக கண்ணைப் பொத்தினாளாம். கருவேல முள்ளால் தேமலில் குத்தினாளாம். ரத்தம் வழியுது.

"எப்பக் குத்தினேன், சொல்லு?"

"இன்னும் குத்தலையேம்மா."

குலவை நின்னு போச்சு. தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தவங்க எத்தனை பேரோ, யார் கண்டா?

"பொம்பளை பேச்சைக் கேட்டு அம்மனைப் பகைக்காதீங்க!"ன்னு பூசாரி அடுப்புக்கு முன்னாடி வந்து கத்தினாராம். அப்போதான் நாத்தம் வந்துச்சாம். முடி பொசுங்குற மாதிரி, தோல் கருகுற மாதிரி.

ஒச்சம்மா மெதுவாச் சொன்னாளாம். "பூசாரி ஐயா, காலைப் பாருங்க."

அடுப்பிலிருந்து உருண்ட கங்கு மேலே நின்னுக்கிட்டு இருந்தாராம் மனுஷன்.

மறுநாள் வண்டி கட்டி, பூசாரியையும் பவளத்தையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம் ஒச்சம்மா. பவளம் கடைசி வரைக்கும் முழு விரலோட இருந்தாளாம்.

அன்னியிலிருந்து நம்ம ஊரில் பொங்கல் பானையைத் துணி சுத்தின மரக்கவட்டையால்தான் இறக்குறது. இறக்குறதுக்கு முன்னாடி, எந்தப் பூசாரியா இருந்தாலும் மணையில் உட்கார்ந்து ரெண்டு காலையும் நீட்டணும். பொம்பளைங்க குனிஞ்சு, உள்ளங்கால் வரைக்கும் பார்ப்போம். புண்ணில்லைன்னு நாங்க சொன்ன பிறகுதான் சாமிக்கே சோறு.