வேப்பிலை கட்டின ஜீப்பு

— அங்கனயே நில்லு பவானி. வாசப்படியத் தாண்டாத. நான் காப்புக் கட்டியிருக்கேன்ல.

— நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். ஜீப்ப எடுங்க, உத்தமபாளையம் ஆசுபத்திரிக்குப் போகணும். காலையிலருந்து ரத்தம் நிக்கல. தெருவுல ஒரு ஆட்டோ கெடையாது, எல்லாம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருச்சு.

— ஒனக்கு என்னைக்கு நின்னுச்சு? பாப்பா பெறந்ததும் கருத்தடை ஊசின்னு ஒண்ணப் போட்டுட்டு வந்த. அன்னையிலருந்து இந்த வீட்டுல ஒரு நல்ல நாளு உண்டா? பழனிக்குக் கெளம்புனா நீ தூரம். சுருளிக்குக் கெளம்புனா தூரம். இப்ப நான் அக்கினிச்சட்டி எடுக்கப் போற நேரத்துல வந்து நிக்கிற.

— ஆமா, ஒங்க காலண்டரப் பாத்துத்தான் எனக்கு வருது.

— ஊசிக்கு முன்னாடி ஈர்க்குச்சி மாதிரி இருந்த. இப்ப ஜீப்புல ரெண்டு ஆளு எடம் வேணும். பக்கத்துல வந்தா தலைவலிம்ப. வராட்டி எரிஞ்சு விழுவ.

— அத்தனையும் நர்சக்கா சொல்லித்தான் போட்டாக. ஒடம்பு போடும், தலை வலிக்கும், தீட்டு முன்னப்பின்ன வரும், சில பேருக்கு வராமலே நின்னுரும்னாக. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீக, போன நோண்டிக்கிட்டு.

— பொம்பளைக சமாச்சாரத்துல எனக்கென்ன வேல?

— ஆம்பளைக்கும் ஆபரேசன் இருக்குன்னாக. அது மட்டும் காதுல விழுந்துச்சு. எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டீக.

— மலையில வண்டி ஓட்டுறவன்டி நான். தெம்பு போயிட்டா?

— ஒரு மூடை ஏலக்காயத் தூக்க நாலு பேரக் கூப்புடுற தெம்பு. அது போயிட்டா நம்ம கோம்பை ஊரே இருண்டுரும்.

— ஒன் வாயிக்கு மட்டும் அந்த ஊசி ஒன்னும் செய்யல.

— பேசத் தெம்பில்லங்க. வண்டிய எடுங்க.

— வண்டியில வேப்பிலை கட்டியிருக்கேன், கண்ணு தெரியல? தீட்டோட அதுல ஏறுவியா?

— தெனமும் அத்தன பொம்பளைகள ஏலத்தோட்டத்துக்கு ஏத்திட்டுப் போறீக. ஒவ்வொருத்தியா நிப்பாட்டி விசாரிச்சா ஏத்துறீக?

— அது தொழிலு.

— அப்ப என்னையும் கூலிக்காரின்னு நெனச்சு ஏத்துங்க.

— இங்க பாரு. அந்தக் கருமத்த நிப்பாட்டு, எல்லாம் சரியாப் போயிரும். எத்தன தடவ சொல்லிட்டேன்?

— போன வருசம் சித்திரையிலயே நிப்பாட்டிட்டேன்.

— என்னது? எங்கிட்டச் சொல்லவே இல்ல?

— சொன்னா மறுமாசமே ஒங்கம்மா என் வயித்தப் பாக்க ஆரம்பிச்சிருவாக. ஊசிதான், ஊசிதான்னு நீங்களாச் சொல்லிக்கிட்டு இருந்தீக. நானும் விட்டுட்டேன்.

— அப்ப... இது என்ன ரத்தம்?

— ரெண்டு மாசமா முழுகாம இருந்தேங்க. இன்னிக்குக் காலையில வரைக்கும்.