நிஜமில்லை என்று தொடங்கிய கதை

வெயிலுக்குக் குடை பிடிக்க ஆளிருந்தும், குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு இந்த ஆலயத்துக்குள் எங்களோடு சேர்ந்து வேர்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் போதகர் ஐயா அவர்களே. முன்பெஞ்சில் கைத்தடியை மடியில் கிடத்தி, முகத்தைச் சாத்திய கதவாக வைத்திருக்கும் என் மரியாதைக்குரிய மூப்பர் அசாமோவா ஐயா அவர்களே. ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடித்த கை உலருமுன்னே ஓடிவந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே. பாயில் காயும் கோகோவை ஆடு மிதித்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளே. கடைசி பெஞ்சில், கதவோரத்தில், ஓர் ஆண்டாக உட்கார்ந்திருக்கும் என் சகோதரி ஞார்கோவா அவர்களே! இந்த ஒலிபெருக்கிக்கு உயிர் இருக்கிற வரைக்கும் உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் போவாடு. கள் இறக்குகிறவன், கதை சொல்கிறவன். இரண்டிலும் மயங்கியவர்கள் இந்தச் சபையில் உண்டு. பேர் சொல்ல மாட்டேன்.

யாரது அங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். அறுப்பின் பண்டிகையில் சிரிக்காமல் வேறெப்போது சிரிப்பது?

ஆனால் இன்று நான் சிரிக்க வரவில்லை. நான் பேசி முடித்ததும் போதகர் ஐயா உங்களைக் கை தூக்கச் சொல்வார். எதற்கு? ஞார்கோவா மறுபடி திருவிருந்துக்கு வரலாமா, இல்லை சபையை விட்டே நீக்கிவிடுவதா என்று தீர்மானிக்க. அந்தக் கையைத் தூக்குமுன் என் வார்த்தையைக் கேளுங்கள். எனக்கு எழுத்து தெரியாது. வேதத்தைக் காதால் படித்தவன் நான். காதால் படித்தவனுக்கும் கர்த்தர் ஒரு வாயைக் கொடுத்திருக்கிறார் அல்லவா?

எங்கள் ஊரில் கதை சொல்கிறவர் வாய் திறந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வார்? பிள்ளைகளே, சொல்லுங்கள் பார்ப்போம்.

கேட்டீர்களா? தூங்குகிற குழந்தை கூடச் சொல்கிறது. "நிஜமில்லை, நிஜமில்லை, நான் சொல்லப்போறது நிஜம்னு நான் சொல்லல." அதைச் சொல்லிவிட்டுத்தான் சிறுத்தை பேசும், ஆமை அழும், ஆறு மலைமேல் ஏறும். நான் இன்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் தொடங்கினேன், கவனித்தீர்களா? ஏனென்றால் நான் சொல்லப்போவது கதையல்ல. நடந்தது. உங்கள் கண்முன்னே நடந்தது.

போன அறுப்பின் பண்டிகைக்கு ஆற்றில் வெள்ளம். பிரசங்கத்துக்கு வர வேண்டியவர் அக்கரையில் நிற்கிறார், நாம் இக்கரையில் நிற்கிறோம். அவர் கையை ஆட்டினார். நாமும் கையை ஆட்டினோம். அவ்வளவுதான் அன்றைய பிரசங்கம். அந்த வெள்ளத்தில் என் கள்ளுப்பானை இரண்டு போனது, கீழ்க்கரை ஊரில் அன்றைக்கு மீன்களெல்லாம் ஆடிக்கொண்டே வலையில் விழுந்தனவாம். அது வேறு கதை, விடுங்கள்.

அப்போது தாய்மார்கள் என்ன சொன்னார்கள்? "நம்ம ஞார்கோவா இருக்காளே, ஞானஸ்நானம் எடுத்தவதானே, அவ ஒரு கதை சொல்லட்டும்." மூப்பர் ஐயாவும் தலையாட்டினார். ஐயா, ஆட்டினீர்களா இல்லையா? ஆட்டினார்.

ஞார்கோவா பிரசங்கபீடத்தில் ஏறினாள். பிறந்த நாள் முதல் கேட்ட வார்த்தை, ஆயிரம் கதைக்குமுன் சொன்ன வார்த்தை, அவள் மூச்சைப் போல வெளியே வந்தது. "நிஜமில்லை, நிஜமில்லை."

சபை உறைந்தது. எங்கே நின்று சொன்னாள்? வேதம் வாசிக்கிற இடத்தில். எதற்குமேல் கை வைத்துச் சொன்னாள்? திறந்திருந்த வேதத்தின்மேல். அவள் அறியாமல் வைத்த கை அது. ஆனால் மூப்பர் ஐயாவின் கண்ணில் பட்டது அந்தக் கைதான். அந்தக் கைக்காகத்தான் அவளுக்குத் திருவிருந்தை நிறுத்தி, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

அவள் சொன்ன கதை நினைவிருக்கிறதா? ஒரு சிறுத்தை தன் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டது. ஆமை தாகத்தோடு வந்தது. சிறுத்தை சொன்னது, "நான் வேணாம்னு சொன்னேனா? முள்ளுதானே சொல்லுது." நாமெல்லாம் சிரித்தோம். ஆமை ஓட்டுக்குள் தன்னை இழுத்துக்கொண்டு முள்ளுக்கடியில் நுழைந்தது. முள் ஓட்டை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் முதுகில் கட்டியிருந்த பானைக்கு ஓடு இல்லையே. அது அம்மா விட்டுப்போன பானை. முள்ளில் மாட்டியது, விழுந்தது, உடைந்தது.

அந்த இடத்தில் ஒருவர் எழுந்தார்.

எழுவது புதிதா? நம் வழக்கம்தானே. கதை நடுவில் யாரும் எழுந்து, "நிறுத்து உன் கதைய, அன்னிக்கு நான் அங்க இருந்தேன்" என்று சொல்லலாம். சொன்னவர் ஒரு பாட்டெடுக்க வேண்டும், எல்லோரும் பாட வேண்டும், பாட்டு முடிந்ததும் கதை தொடர வேண்டும். எழுந்தவர் யார்? கோகோ தோட்டத்து சியாவ். சொன்னார், "நிறுத்து உன் கதைய. அன்னிக்கு நான் அங்க இருந்தேன்."

நாம் பாட்டுக்காகக் காத்திருந்தோம். முரசுக்காரன் கையை ஓங்கியபடி காத்திருந்தான். பாட்டு வரவில்லை.  சியாவ் தோளில் போட்ட பண்டிகைத் துணியோடு வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். கதைசொல்லிக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. சியாவ் வீட்டுக் கிணற்றைச் சுற்றி முள்வேலி இருந்ததே, எல்லோருக்கும் தெரியுமே. அவருடைய அம்மா இறந்த சடங்கில், அவருடைய தங்கை ஃபோரிவா பெரியவர்கள் முன்னால் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா வச்ச கோகோ மரம் நாளைக்கு என் மகனுக்குத்தானே வரும்? அதை இப்பவே அவன் கவனிக்கட்டுமே அண்ணே." அவள் கேட்டதில் தப்பில்லை. நம் வழக்கப்படி மாமன் செத்தபின் அவன் சொத்து தங்கை மகனுக்குத்தான். ஆனால் அண்ணன் காதில் அது எப்படி விழுந்தது? "நீ எப்ப சாவே?" என்று விழுந்தது. மறுவாரம் வேலி வந்தது. தங்கை தண்ணீருக்கு ஆற்றுக்கு நடந்தாள்.

சியாவ் வெட்டுக்கத்தியை எடுத்து, பண்டிகைத் துணியோடு வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் ரத்தம். நான் கேட்டேன், "என்னய்யா, துணி கிழியுதே."

"கிழியட்டும்டா."

"ஞார்கோவா உன்னையா சொன்னா?"

"அவளுக்கு எப்படிடா தெரியும்? யாருக்கும் தெரியாது. வேலி போட்டப்புறம் ஒரு நாள் விடியக்காலைல என் தங்கச்சி வந்தா. நான் தூங்குறேன்னு நெனச்சு வேலிக்கு அடியில பானையோட கைய விட்டா. அம்மா பானை அது. உடைஞ்சுது. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவ அழல. ஓட்டைப் பொறுக்கித் துணியில கட்டிக்கிட்டுப் போனா. நான் கதவைத் திறக்கல."

இதை இங்கே சொல்ல சியாவிடம் நேற்றே அனுமதி கேட்டேன். "சொல்லு" என்றார். தலை குனிந்துதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

கேட்டீர்களா என் சபையே? நிஜமில்லை என்று சொல்லித் தொடங்கிய கதை, சொன்னவளுக்கே தெரியாத நிஜத்தின் கதவைத் தட்டியது. எத்தனை பிரசங்கம் கேட்டார் சியாவ்? மன்னிப்பைப் பற்றிக் கேட்கவில்லையா? அன்பைப் பற்றிக் கேட்கவில்லையா? கேட்டார், கேட்டார், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முள்ளைச் சரிபார்த்தார். ஓர் ஆமையின் பானை உடைந்ததும் எழுந்தார்.

"அப்ப பிரசங்கம் வேணாமா?" என்று யாரோ கேட்கிறார்கள். வேண்டும் தம்பி, வேண்டும். விதை வேண்டும், மண்ணைக் கிளறவும் ஆள் வேண்டும். கிளறாத மண்ணில் தூவினால் கோழிதான் கொழுக்கும்.

இப்போது மூப்பர் ஐயாவின் நியாயத்துக்கு வருகிறேன். அவரைக் கல்மனசுக்காரர் என்று கிணற்றடியில் பேசுகிறீர்கள். பேசாதீர்கள். மணியடித்துக்கொண்டு ஒரு தீர்க்கதரிசி வந்தானே, மறந்துவிட்டதா? வெள்ளை அங்கி, வெண்கல மணி. "நான் கண்டது சத்தியம், சத்தியம், சத்தியம்" என்றான். அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்து மருந்தை நிறுத்தினவர்களில் ஐயாவின் மகளும் ஒருத்தி. கல்லறைத் தோட்டத்தில் அவள் பக்கத்தில் வைத்த செம்பருத்தி இப்போது என் உயரம். அன்றிலிருந்து இந்தப் பீடத்தில் பொய்யின் நிழல் விழுந்தாலும் ஐயா கைத்தடியைப் பிடிக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் பிடிப்பேன்.

அவர் ஞார்கோவாவிடம் கேட்டது என்ன? ஒன்றே ஒன்றுதான். "இனிமே அந்த வார்த்தைய விட்டுரும்மா. 'இது நிஜம்'னு சொல்லி ஆரம்பி. கடைசி பெஞ்சுல இருந்து எழுந்து வா."

இரக்கமுள்ள வார்த்தைதான். அவள் ஏன் மாட்டேன் என்றாள்? திமிரா? திருவிருந்து நாளில் அப்பமும் ரசமும் பெஞ்சு பெஞ்சாக வந்து, கதவோரத்துக்கு ஒரு பெஞ்சு முன்னால் திரும்பிப் போகும்போது, அவள் கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது திமிரா என்று. அவள் சொன்ன பதிலை நான் அப்படியே சொல்கிறேன்.

"ஐயா, சிறுத்தை பேசிச்சுன்னு சொல்லி, இது நிஜம்னும் சொன்னா, அதுதானய்யா பொய். ஆண்டவர் வீட்டுல நின்னு என்னால அந்தப் பொய்யச் சொல்ல முடியாது."

அன்பர்களே, அன்னைமார்களே! யார் உண்மையைக் காத்தவர்? சத்தியம் சத்தியம் என்று மூன்று முறை சொன்ன மணிக்காரனா? நிஜமில்லை நிஜமில்லை என்று இரண்டு முறை சொன்ன ஞார்கோவாவா? அவன் பொய்க்குச் சத்தியத்தின் சட்டை போட்டான். இவள் உண்மையைச் சட்டையில்லாமல் கூட்டிவந்தாள். அவனை நம்பி நாம் குடித்தோம், குழி தோண்டினோம். இவளை நம்பாமல் கேட்டோம், வேலி வெட்டினோம்.

நம் ஆண்டவர் ஊர் ஊராகப் போய் என்ன செய்தார்? கதை சொன்னார். "ஒரு மனுஷன் இருந்தான்" என்றார். எந்த மனுஷன்? எந்த ஊர்? அவன் அப்பன் பேர் என்ன? சொன்னாரா?

"ஒருத்தனுக்குப் பேர் சொன்னார்" என்று உபதேசியார் குரல் கொடுக்கிறார். சரிதான் உபதேசியாரே, உங்களை நான் எப்போதும் ஏமாற்ற முடிந்ததில்லை. வாசலில் கிடந்த பிச்சைக்காரனுக்குப் பேர் சொன்னார். உள்ளே விருந்து சாப்பிட்ட பணக்காரனுக்குச் சொன்னாரா? இல்லை. ஏன் சொல்லவில்லை? அந்த இடத்தைக் காலியாக விட்டார். கேட்கிறவன் தன் பேரைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார். ஞார்கோவாவும் சிறுத்தைக்குப் பேர் வைக்கவில்லை. சியாவ் தன் பேரைப் போட்டுக்கொண்டார்.

விசுவாசத்துக்கும் கதைக்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்டால், படிக்காத நான் இதைத்தான் சொல்வேன். கதை சொல்கிறவர், "நிஜமில்லை" என்கிறார். கேட்கிறவர், "அன்னிக்கு நான் அங்க இருந்தேன்" என்கிறார். இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் யார் வந்து நிற்கிறார்? அவரைத்தானே நாம் ஞாயிறுதோறும் இங்கே தேடி வருகிறோம்?

இன்னும் ஒன்று. பாட்டு வராமல் கதை தொடரக்கூடாது. ஓர் ஆண்டாக அந்த ஆமை உடைந்த பானையோடு முள்ளுக்கடியிலேயே கிடக்கிறது. நாம் முடிவு கேட்காத கதைக்குத் தண்டனை கொடுத்திருக்கிறோம். அது நியாயமா என்று கேட்டுவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்குவேன். இறங்க மாட்டேன் என்றால் இறங்க மாட்டேன். கள் இறக்குகிறவனை யார் இறக்குவது?

பொறுங்கள். நடுவில் யாரோ எழுகிறார்கள். ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறது, தெரியவில்லை.

சியாவா?

பேசுங்கள் சியாவ். ஒலிபெருக்கி வேண்டாமா? சரி.

கேட்டீர்களா? பாடுகிறார். குரல் கரகரக்கிறது, மெட்டு நொண்டுகிறது, ஆனாலும் பாடுகிறார். அந்தப் பக்கத்தில் இரண்டாம் குரல் யாருடையது? ஃபோரிவா. தாய்மார்களே, எடுத்துக்கொடுங்கள். முரசுக்காரத் தம்பி, ஓராண்டாக ஓங்கிய கையை இறக்கு.

போதகர் ஐயா, கைகளை எண்ண வேண்டுமென்றால் எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குமுன் முன்பெஞ்சைப் பாருங்கள். மூப்பர் ஐயா பாடவில்லை. அவரைப் பாடச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கைத்தடியை எடுத்துத் தரையில் வைக்கிறார். பெஞ்சில் நகர்ந்து உட்கார்கிறார். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்திருக்கிறார்.

ஞார்கோவா, கதவோரத்தை விட்டு எழுந்து வா தாயி. பானை உடைந்த இடத்தில் நிறுத்தினாய். அங்கிருந்து சொல். நாங்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே இருந்தோம்.

என் பேச்சுச் சுமையை இங்கே இறக்கி வைக்கிறேன். யார் தலைக்குப் பொருந்துகிறதோ அவர் தூக்கிக்கொண்டு போகட்டும். இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும், இவ்வளவு நேரம் கோகோவை மிதிக்காத ஆடுகளுக்கும் நன்றி. ஆண்டவர் எல்லோரோடும் இருப்பாராக. வணக்கம்.