இருநூறு மீட்டர் என்று பேசிய உறுப்பினருக்கு அலுவலகத்தார் அளிக்கும் மடல்

இருபத்திரண்டு ஆண்டுகள் மாநிலச் சட்டமன்றத்தில் எங்கள் தொகுதிக்காக எழுந்து, அமர்ந்த நேரத்தைவிட நின்ற நேரமே நீளம் என்று பெயரெடுத்து, இன்று மாலையோடு பொறுப்பிலிருந்து ஓய்வுபெறும் எங்கள் உறுப்பினர் அம்மையீர் அவர்களுக்கு, தங்கள் அலுவலகப் பணியாளர் நால்வரும் ஒன்றுகூடி, ஒருவர் எழுத, மூவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் குறை சொல்ல, ஒருவாறு உருப்பெற்ற இம்மடலை அன்போடும் சற்றே அச்சத்தோடும் அளிக்கின்றோம்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. "கூரையற்றோர்க்குக் குரலே, வண்டியற்றோர்க்கு வழியே, இருளுற்றோர்க்கு ஏந்திய விளக்கே" என்றுதான் இம்மடலின் முதல் வரைவு தொடங்கியது. எதுகைக்கும் மோனைக்கும் எழுத்தர் இரண்டு நாள் உழைத்திருந்தார். மற்ற கோப்புகளைப் போலவே அதுவும் தங்கள் மேசைக்கு வந்தது. மூன்று அடைமொழிகளையும் பென்சிலால் அடித்து, ஓரத்தில் "யார் போய்ப் பார்த்தது?" என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். எழுத்தர் அன்று மதியம் சாப்பிடவில்லை என்பது மற்ற மூவரின் கூற்று. சாப்பிட்டார், ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை என்பது அவரது கூற்று.

விருந்தினர்க்காக ஒரு விளக்கம். மருந்துக்கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் வரும் இரண்டே அறைகள்தாம் எங்கள் அலுவலகம். முன்னறையில் ஒன்றோடொன்று உறவில்லாத ஆறு நாற்காலிகள், சுவர் முழுக்கத் தொகுதியின் வரைபடம். அங்கு வரும் மனு எதுவாயினும், அலுவலகத்தார் ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல் பதில் எழுதக்கூடாது என்பது தாங்கள் வகுத்த விதி. கூரை ஒழுகுகிறது என்றால் ஒழுகும்போது போக வேண்டும். பேருந்து வருவதில்லை என்றால், வராத பேருந்துக்காக நின்று பார்க்க வேண்டும். பார்த்து வந்தபின் மனுவின் மூலையில் "சென்று பார்க்கப்பட்டது" என்று ஒரு ரப்பர் முத்திரை குத்தி, சென்றவர் கீழே சுருக்கொப்பமிட வேண்டும். அந்த முத்திரை இருந்தால் தாங்கள் அந்தத் தாளை நம்பி அவையில் எழுவீர்கள்.

ஆதலின் இம்மடலில் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் எழுத்தர் கடந்த மூன்று வாரங்களில் போய்ப் பார்த்தார். கால்வாய்க் கரைக் கொட்டகைகளில் நனைந்து கிடந்தவர்களுக்குத் தாங்கள் வாதாடிப் பெற்ற ஐந்நூறு வீடுகளையும் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் கட்டடத்தின் மின்தூக்கி செவ்வாய்க்கிழமை ஓடியது, புதன்கிழமை ஓடவில்லை. உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னவர் தாங்களே. ஆறு வழித்தடங்களில் ஏறி இறங்கினார். ஒன்றில் உட்கார இடமே கிடைத்தது. சந்தைத் தெருவின் இருபத்தெட்டு விளக்குகளும் எரிந்தன, ஒன்று மட்டும் கண்சிமிட்டியது. இவ்வளவும் தாங்கள் பார்த்து ஒப்புதல் தந்த வரைவில் இருந்தவை.

இனி வருவன அதில் இல்லாதவை.

இந்நேரம் தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எழுத்தரைத் தேடத் தொடங்கியிருப்பீர்கள். அவர் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருக்கிறார். படித்துக்கொண்டிருப்பவர் தட்டச்சர், கொடுத்ததைப் படிக்கிறார், அவர்மேல் கோபம் வேண்டா. மேலும், தங்கள் பொறுப்பு இன்று மாலை ஐந்து மணிக்கே முடிந்தது. விழா ஐந்தரைக்குத்தான் தொடங்கியது. இதை அடிக்கத் தங்களுக்கு இப்போது அதிகாரமும் இல்லை, பென்சிலும் இல்லை. பென்சிலை ஓட்டுநர் எடுத்து வைத்திருக்கிறார்.

பதினோராண்டுகளுக்கு முன், ரயில் பாதைக்கு அப்பால் முந்நூற்று இருபது வீடுகள் எழும்பி முதல் குடும்பங்கள் குடியேறிய வேளை. பேருந்து நிறுத்தம் வெகு தூரம் என்று நாற்பத்தொரு பேர் ஒப்பமிட்ட மனு ஒன்று வந்தது. போய்ப் பார்க்க வேண்டிய முறை எழுத்தருடையது. அவருக்கோ அன்று புதுச் செருப்பு, இரண்டு குதிகாலும் கடிபட்டுக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தார், சுவர் வரைபடத்தில் வைத்தார். வீடுகளுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே சரியாக இரண்டு சென்டிமீட்டர். கணக்குப்படி இருநூறு மீட்டர். எழுதினார், முத்திரையைக் குத்தினார், சுருக்கொப்பமும் இட்டார். இத்தனை ஆண்டுப் பணியில் போகாமல் குத்திய முத்திரை அது ஒன்றுதான் என்று இன்றளவும் சொல்கிறார். வங்கிக்குள் ஒரே ஒருமுறைதான் நுழைந்தேன் என்று திருடனும் சொல்வான் என்பது தட்டச்சரின் கருத்து.

அடுத்த வாரம், அதே இடத்தில் இரண்டாம் கட்டமாக நூற்றெண்பது வீடுகள் கட்ட வேண்டும் என்று தாங்கள் அவையில் வாதாடினீர்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பேருந்து நிறுத்தம் இருநூறு மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது" என்றீர்கள். எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

"நடுவுல ரயில்வே சுவர் ஒண்ணு பத்தடிக்கு நிக்குதே. அம்மா அதை ஏறிக் குதிப்பாங்களா, இல்ல பறந்தே போயிடுவாங்களா?"

அவை சிரித்தது. மாலைப் பத்திரிகை தங்களுக்கு இறக்கை வைத்துப் படம் போட்டது. தாங்களோ அவையிலேயே எழுந்து, "தவறு என்னுடையது. நேரில் பார்க்காமல் பேசிவிட்டேன். என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன்" என்று சொல்லி அமர்ந்தீர்கள். இரண்டாம் கட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த நூற்றெண்பது குடும்பங்களும் மேலும் ஒரு மழைக்காலத்தைக் கொட்டகையில் கழித்தன.

அன்று மாலை தாங்கள் படியேறி வந்தபோது எழுத்தர் கையில் தாளோடு நின்றார்.

"என்ன தம்பி இது?"

"ராஜினாமாங்க அம்மா."

"தேதி போன வருஷத்துது போட்டிருக்கீங்க. காலண்டரையும் போய்ப் பார்க்கலையா?"

"அம்மா, முத்திரை குத்தினது நான்தான்னு வெளியில சொல்லிடுங்க. பேப்பர்ல என் பேர் வரட்டும்."

"அவையில எழுந்து நின்னது யாரு, நீங்களா? நான் பேசினேன், நான் தலையில வாங்கினேன். இந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுக்கக் கூடாது. கால்ல என்ன?"

"புதுச் செருப்பும்மா. கடிக்குது."

"கடிக்கட்டும். வாங்க."

நிறுத்தத்தில் காரை விட்டு இறங்கித் தாங்கள் இருவரும் நடந்தீர்கள். சுவரை ஒட்டிப் போய், மரக்கிடங்கைச் சுற்றி, ரயில் பாதைக்கு அடியில் குனிந்து கிடக்கும் சுரங்கவழிக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அதன் வாயில் பெண்கள் இருவர் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தனர். அவர்களில் ஒருவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். தங்களை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா இங்கயே நிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

"நாலு பேர் சேரட்டும்னுதான். உள்ள லைட் கிடையாது. போன மாசம் ஒருத்தி பையைப் பிடுங்கிக் கீழே தள்ளிட்டுப் போயிட்டானுங்க. அதுல இருந்து நாலுக்குக் குறைஞ்சா நாங்க உள்ள கால் வைக்கிறதில்ல. நேத்து அரை மணி நேரம் நின்னேன்."

"இப்ப நாங்க ரெண்டு பேர் வந்துட்டோமே."

சலவைக்கார அம்மா எழுத்தரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களைச் சேர்த்தா மூணு. இந்தத் தம்பி நம்மளைவிடப் பயந்த ஆளா இருக்காரு. அவரை அரைன்னு வெச்சுக்கலாம். மூணரை. சரி, பரவாயில்ல, வாங்க."

உள்ளே முழங்கால் தெரியாத இருட்டு. எந்தக் கல்லில் கால் வைத்தால் நனையாது என்பது அவருக்கு மனப்பாடம். தங்கள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"வேலைக்குப் போறீங்களா?"

"ஆமா."

"என்ன வேலை?"

"பேசுற வேலை."

"உக்காந்துக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தான்."

"அப்ப எங்களை மாதிரிதான். முழங்கால் போயிடும், பார்த்துக்கோங்க."

இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது அடி வைத்தபின் முதல் வீட்டுப் படி வந்தது. எழுத்தர் எண்ணியிருந்தார். நாலு பேர் சேரும்வரை நிற்கும் நேரத்தை எந்த அடிக்கோலால் அளப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. திரும்பி வருகையில் தாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "வீடு, பஸ், வெளிச்சம் மூணும் ஒரே மனு, தம்பி. நாமதான் மூணாப் பிரிச்சு வெச்சிருக்கோம்."

அதன்பின் நடந்தவை ஊரறிந்தவை. வீட்டுவசதித் துறை போக்குவரத்துத் துறையைக் காட்டியது, போக்குவரத்துத் துறை காவல் துறையைக் காட்டியது, காவல் துறை மின்விளக்குப் பிரிவைக் காட்டியது. தாங்கள் அத்தனை கோப்புகளையும் ஒரே நாடாவில் கட்டி, ஒன்றைக் கேட்டவர்க்கெல்லாம் முழுக் கட்டையும் தூக்கிக் கொடுத்தீர்கள். குடியிருப்புக்குள் பேருந்து திரும்ப இடமில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். முன்னாளில் பேருந்து ஓட்டிய நம் ஓட்டுநர், சுண்ணக்கட்டியோடு தரையில் தவழ்ந்து, சக்கரம் போகும் கோட்டை வரைந்து காட்டினார். "இதுல திரும்பலைன்னா என் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேன் சார்" என்றார். பேருந்து வந்தது, திரும்பியது, ஒரு பூந்தொட்டியைத் தவிர எதையும் இடிக்கவில்லை. சுரங்கவழியில் விளக்கு வந்தது. இரண்டாம் கட்ட வீடுகளும் வந்தன. நம் எழுத்தரை ஓட்டுநர் 'ஸ்கேல்' என்று அழைக்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்றே நாங்கள் மற்ற இருவரும் பதினோராண்டு நினைத்திருந்தோம்.

ஆனால் அவைக் குறிப்பின் அந்த ஆண்டுத் தொகுதி நூலகத்தில் இருக்கிறது. அதில் பிழை தங்களுடையது என்று தங்கள் வாயாலேயே பதிவாகியிருக்கிறது. ஒவ்வோராண்டும் எழுத்தர் அந்தப் பேச்சை எடுத்தார். ஒவ்வோராண்டும் தாங்கள் "வேலையைப் பாருங்க தம்பி" என்றீர்கள். நேற்றுவரை அது ஆணை, ஆகவே வேலையைப் பார்த்தார். இன்று ஆணையிடத் தங்களுக்குப் பொறுப்பில்லை. அவைக் குறிப்பைத் திருத்த எங்களுக்கு வழியில்லை. எனவே இங்கு, இத்தனை பேர் முன்னிலையில், அன்று தங்களைப் பார்த்துச் சிரித்த எதிர்வரிசை உறுப்பினரும் முதல் வரிசையில் அமர்ந்திருக்கையில், பதிவு செய்கின்றோம்: இருநூறு மீட்டர் என்னும் பிழை எங்கள் அலுவலகத்தின் எழுத்தருடையது. அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது மட்டுமே தங்களுடையது. இம்மடல் கண்ணாடிச் சட்டகத்துக்குள் போகப் போகிறது. அதன்பின் பென்சில் எட்டாது.

சென்ற வாரம் எழுத்தர் அந்தச் சுரங்கவழிப் பக்கமும் போனார். குடியிருப்புக்குள் பேருந்தை விட்டு இறங்கி முதல் வீட்டுப் படிவரை எண்ணினார், அறுபத்திரண்டு அடி. சுரங்கவழியின் வாயில் அதே மாலை வேளையில் நின்று பார்த்தார். ஒரு பெண் தனியாக, கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே, நிற்காமல் நடந்து போனார். வீட்டு வாசலில் சலவைக்கார அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நீங்க அந்த அரை ஆள்தானே?" என்றார்.

"ஆமாங்க. அன்னைக்கு வந்தாங்களே அந்த அம்மா, அவங்க ரிட்டயர் ஆகுறாங்க."

"தெரியும், அப்புறமா டிவியில பார்த்தேன். பேசுற வேலைன்னு சொன்னாங்க, நான் ஏதோ கடையிலன்னு நெனச்சேன்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "முழங்கால் எப்படி இருக்காம்?"

அந்தக் கேள்வியே எங்கள் வாழ்த்தும் ஆகுக. தங்கள் முழங்கால்கள் இரண்டும் நெடுங்காலம் நலமாயிருக்கட்டும். நிற்க வேண்டாத காலைகள் நிறைய வரட்டும். யாரும் மனு நீட்டாத நடையும், யாரும் குறுக்கிடாத பேச்சும், அடித்துத் திருத்த ஏதுமற்ற செய்தித்தாளும் தங்களுக்கு வாய்க்கட்டும். அலுவலகக் கார் இன்றோடு ஒப்படைக்கப்படுகிறது. தங்கள் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து ஏழு பத்துக்கு. இந்த மண்டப வாசலிலிருந்து நிறுத்தம்வரை நாங்கள் நால்வரும் உடன் நடந்து வருவோம். தங்களுக்குத் துணை தேவை என்பதனால் அல்ல, எங்களுக்கு.

தூரம் முந்நூற்றுப் பதினான்கு அடி. நடுவில் சுவர் இல்லை.

தங்கள் அன்பு மறவாத,

தட்டச்சர்,
ஓட்டுநர்,
பதினேழு படிகளையும் நாள்தோறும் பெருக்கும் அக்கா,
மற்றும் ஸ்கேல்.

(முத்திரை) சென்று பார்க்கப்பட்டது.